கடன் வாங்கிய சாளரம்: மூன்று நிரல்மொழிகளும் ஒரு கருவித்தொகுதியும்

பைத்தான் மொழியில் முதன்முதலாக ஒரு சாளரத்தை வரையும் மாணவர், தம் கட்டளை திரைமறைவில் வேறொரு மொழியாகப் பெயர்க்கப்படுவதைப் பெரும்பாலும் அறிவதில்லை. டிகின்டர் என்னும் நிரலகம் அக்கட்டளையை டிசிஎல் மொழியின் கட்டளையாக மாற்றி, உள்ளே பொதிந்திருக்கும் டிசிஎல் வரிமொழிமாற்றியிடம் ஒப்படைக்கிறது. திரையில் தோன்றும் பொத்தானை உண்மையில் வரைவது டிகே என்னும் கருவித்தொகுதியே. டிகின்டர் பொத்தானொன்றின் அகப்பெயரை அச்சிட்டுப் பார்த்தால் அது புள்ளியில் தொடங்குவதைக் காணலாம். அது பைத்தானின் மரபன்று, டிகேயின் மரபு.

இக்கடனின் மூலம் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் அவர் மாணவர்களும் மின்சுற்று வடிவமைப்புக் கருவிகளை உருவாக்கினர். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே வலுவற்ற ஒரு கட்டளைமொழி அமைந்தது. எல்லாக் கருவிகளிலும் பதிக்கத்தக்க பொதுமொழி ஒன்றை அவர் 1988இன் தொடக்கத்தில் எழுதத் தொடங்கினார், அதுவே டிசிஎல். வரைகலை இடைமுகங்களை உருவாக்கப் பெருங்குழுக்கள் தேவைப்பட்டமையால், சிறு பல்கலைக்கழகக் குழுக்கள் பின்தங்கிவிடும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதற்கு விடையாக 1988இன் இறுதியில் டிகே உருப்பெறத் தொடங்கியது. சி மொழியில் பல வரிகள் வேண்டியிருந்த பொத்தான் இதில் ஒரே கட்டளையில் அமைந்தது. 1997இல் இப்பணிக்காக அவர் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் அமைப்பு விருதைப் பெற்றார்.

பிற மொழியினர் இவ்வசதியை விரும்பியது இயல்பே. ஆனால் கடன் கொண்ட முறைகள் வேறுபட்டன. நம் இலக்கண மரபு வடசொற் கடன்களைத் தற்சமம், தற்பவம் எனப் பிரிக்கிறது: முன்னது உருமாறாமல் வருவது, பின்னது ஏற்கும் மொழியின் ஒலிமரபுக்கு ஏற்பத் திரிந்து வருவது. ஸ்டீன் லும்ஹோல்ட்டும் கைடோ வான் ராசமும் உருவாக்கிய டிகின்டர் தற்சமத்தை ஒத்தது. டிசிஎல்லை அகற்றாமல் அப்படியே உள்ளே வைத்துக்கொண்டது. நிக் இங்-சிம்மன்ஸ் உருவாக்கிய பெர்ல்/டிகே தற்பவத்தை ஒத்தது; டிகேயின் சி நிரலைப் பிரித்தெடுத்து, இடையிலிருந்த டிசிஎல்லை நீக்கி, பெர்லோடு நேரடியாக இணைத்தது.

அழகியல் நோக்கில் இரண்டாவதே தூயது. ஆயினும் காலம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. டிகே புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பெர்ல்/டிகேயில் பிரித்தெடுக்கும் வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது, அது 8.4ஆம் பதிப்பின் நிலையிலேயே நின்றது. 2007இல் வந்த டிகே 8.5 தற்காலத் தோற்றமுடைய புதிய உறுப்புகளைத் தந்தபோது, பைத்தான் அவற்றுக்கு ஒரு மெல்லிய உறையை மட்டும் எழுதி ஏற்றுக்கொண்டது. சொற்கடனுக்கும் நிரற்கடனுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படுகிறது: கடன்சொல் மூலமொழியை மறந்தும் வாழும், மூலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட நிரலோ யாரேனும் தொடர்ந்து உழைத்தால் மட்டுமே வாழும்.

தொடர்பைப் பேணுவது மட்டும் போதுமா? ரூபி மொழியும் டிசிஎல்லை உள்ளே வைத்தே டிகேயைப் பயன்படுத்தியது; எனினும் 2016 டிசம்பரில் வெளிவந்த ரூபி 2.4 தன் செந்தர நிரலகத்திலிருந்து அதை நீக்கியது. பைத்தானுடன் வரும் ஐடில் என்னும் தொகுப்பி டிகின்டரிலேயே எழுதப்பட்டது என்பதை இங்கு நினைவுகொள்ள வேண்டும். அன்றாடப் பயன்பாடே கடனை நிலைநிறுத்துகிறது என்பது என் துணிபு.

கடனோடு குறையும் வந்து சேரும். 1999இல் வெளியான டிசிஎல் 8.1 யூனிகோடை ஏற்றது. ஆயினும் லினக்ஸ் கணினிகளில் டிகே நெடுங்காலம் எழுத்துகளைக் குறியீட்டு வரிசைப்படியே வரைந்தது. ‘கெ’ என்பதில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் ஒற்றைக்கொம்பு, திரையில் அதற்கு முன் நகர வேண்டும். அம்மறுவரிசைப்படுத்தல் அங்கே நிகழவில்லை. ஆகவே ஐடிலில் தமிழ்த்தரவை ஆராய்ந்த மாணவர் கண்ட சிதைவு பைத்தானின் பிழையன்று. அதன் வேர் அடியிலிருந்த டிகேயில் இருந்தது.

கணினித் தமிழ் குறித்து விவாதிக்கும்போது, ‘இந்நிரல்மொழி தமிழை ஏற்கிறதா’ என்று வினவுகிறோம். ‘இது தன் சாளரத்தை யாரிடமிருந்து கடன் கொண்டது’ என்பதையும் சேர்த்து வினவினால்தான், எந்த அடுக்கில் உழைக்க வேண்டும் என்பது நமக்குத் தெளிவாகும்.