மலைநாட்டு மருத்துவமாது

இலங்கையின் சுகாதார வரலாற்றை எழுதுவோர் மரண விகிதங்கள் வீழ்ந்த கதையைப் பெருமையுடன் கூறுவர். 1935ஆம் ஆண்டிலே, பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 1953ஆம் ஆண்டில் அத்தொகை 71 ஆகக் குறைந்தது. மலேரியாவை ஒடுக்கிய டி.டி.ரி. மருந்தும், பெருகிய வைத்தியசாலைகளும் இதற்குக் காரணம் என்பர். அது மெய்யே. ஆயினும், வீடு வீடாக நடந்த மருத்துவமாதின் உழைப்பு எத்தகைய நிலையில் நடைபெற்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1926ஆம் ஆண்டில், ரொக்பெல்லர் நிதியத்தின் துணையுடன், களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. நோயாளர் வரும்வரை காத்திராது, ஊழியரே மக்களை நாடிச் செல்லவேண்டும் என்பது அதன் கொள்கை. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழே பரிசோதகரும், தாதியும், மருத்துவமாதும் பணிபுரிந்தனர். 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அதன்பின் இம்முறை நாடெங்கும் பரவலாயிற்று.

கரையோரத்திலே வகுக்கப்பட்ட இம்முறை மலைநாட்டை அடைந்தபோது, அதன் பாரம் ஊழியரின் கால்களில் விழுந்தது. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், தெல்தெனியாவுக்கு அப்பால் உள்ளது ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்து ஒரு கிளைப்பாதை லூல்வத்தை வழியாக நக்கிள்ஸ் மலைகளைக் கடந்து மீமுரேக் கிராமத்தை அடைகிறது. ஒரு மருத்துவமாதுக்குச் சுமார் 3,000 பேர் என்பது நாட்டின் பொதுக் கணக்கு. சமநிலத்தில் ஒரு காலைப்பொழுதில் பல வீடுகளைப் பார்த்துவிடலாம். இத்தகைய மலைப்பாங்கான இடத்திலோ ஓரிரு வீடுகளுக்கே ஒரு பகற்பொழுது சென்றுவிடும். கணக்கு தலைகளை எண்ணுகிறது. ஏற்ற இறக்கங்களை எண்ணுவதில்லை.

தேயிலைத் தோட்டங்களின் கதை வேறு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. ஆனால் தோட்ட மருந்துச்சாலை ஊழியருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிருவாகம். நோயுற்ற தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என அவர் கூறினால், அன்றைய வேலைக்கு ஓர் ஆள் குறையும். நோயாளிக்கும் துரைக்கும் நடுவே நின்று ஊழியம் செய்வது எளிதன்று. 1975ஆம் ஆண்டில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அரச சுகாதாரச் சேவை லயன் வீடுகளை எட்டியபோது, தமிழ் பேசும் மருத்துவமாதர் போதாமை பெருங்குறையாயிற்று. தாய் தன் வேதனையைத் தன் மொழியிற் சொல்ல முடியாதவிடத்து, ஊழியரின் அக்கறையும் பாதி வீணாகின்றது.

இன்று பிரசவங்கள் அநேகமாக யாவும் வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன. அதனால் மருத்துவமாதின் வேலை குறைந்துவிடவில்லை. கருவுற்ற தாயைப் பதிவுசெய்தல், பிரசவத்தின்பின் வீடு சென்று பார்த்தல், குழந்தையை நிறுத்தல், ஊட்டச்சத்துப் பற்றி அறிவுரை கூறல், இவற்றை எல்லாம் ஏடுகளிற் குறித்தல் என அது விரிந்துள்ளது.

ஆதலின், நேயர்களே, இவ்வூழியருக்குத் தங்க நல்ல விடுதி, சென்றுவர வாகன வசதி, விடுமுறையிற் பதிலாள் ஆகியன சலுகைகள் அல்ல. இவை இல்லாத மலைப்பகுதியில் நிலைத்திருக்க எவரும் தயங்குவர். வெற்றிடம் நிரம்பாது நீடிக்கும். அந்த வெற்றிடத்தின் விலையைச் செலுத்துவோர் அப்பகுதித் தாய்மாரும் சேய்களுமே.