பொதுப்பணியில் கையொப்பம்

தனியொருவர் இயற்றிய நூலுக்கு அவரே பொறுப்பாவார். ஆயிரக்கணக்கானோர் கூடி எழுதும் ஒன்றுக்குப் பொறுப்பாவார் யார்? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு லினக்ஸின் வரலாறாகும்.

1991 ஆகஸ்டு 25ஆம் நாள், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயக்க முறைமையை எழுதி வருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. 1992இல் அதனை, ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் மூலநிரலையும் உடன் வழங்குதல் வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம்.

திருத்தம் அளிக்கும் முறை எளியது. நீக்கிய வரி கழித்தல் குறியோடும், சேர்த்த வரி கூட்டல் குறியோடும் காட்டப்படும். காரணமும் எழுதி, அப்பகுதியின் பொறுப்பாளருக்கு அனுப்புவர். அவரும் பிறரும் ஆராய்ந்து குறை கண்டால் திருப்புவர். தேறியவை படிப்படியாக மேலேறி டோர்வால்ட்ஸைச் சேரும்.

2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம், தன் யுனிக்ஸ் நிரல் லினக்ஸில் புகுத்தப்பட்டதென ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. எவ்வரி எவரிடமிருந்து வந்தது என்னும் கேள்வி எழுந்தது. ஆதலின் 2004 மே மாதம் டோர்வால்ட்ஸ் ஒரு நெறியை முன்மொழிந்தார். தமக்கு உரிமையுள்ள நிரலையே அளிப்பதாக உறுதி கூறி, அளிப்பவர் தம் பெயரை ஒப்பமிட வேண்டும். அதனை மேலே அனுப்புவோரும் ஒப்பமிட வேண்டும். கோப்பில் எழுத்தர் முதல் செயலாளர் வரை சுருக்கொப்பமிடுவதைக் கண்டோர்க்கு இந்நெறி புதிதன்று.

எனினும் ஒப்பம் மட்டும் காவலாகாது என்பதை 2024ஆம் ஆண்டு உணர்த்திற்று. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் பயன்படும் எக்ஸ்.இசட். என்னும் சுருக்கக் கருவியை ஊதியமின்றி ஒருவரே நெடுங்காலம் பேணி வந்தார். அவர் களைத்திருந்த வேளையில் 'ஜியா டான்' என்னும் பெயரில் ஒருவர் உதவ வந்தார். ஈராண்டுக்கு மேல் நல்ல திருத்தங்கள் அளித்து நம்பிக்கை பெற்றார். பின்னர்க் கள்ளவழி ஒன்றை அதனுள் மறைத்தார். கணினியில் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர், தொகுப்பைப் பிரித்தாராய்ந்து, மார்ச்சு 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார்.

ஒப்பம் நிரல் வந்த வழியைக் காட்டும். ஒப்பமிட்டவர் உள்ளத்தைக் காட்டாது. ஆதலின் பொதுப்பணியில் சேர்வோர் புதிய நிரல் எழுதுவதோடு அமையாது, பிறர் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் சுமையிலும் பங்கேற்பாராக.