செவிலிக்கு வயது உண்டா?

சங்க அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய் இளம்பெண் அல்லள். தோழியைப் பெற்றவள், தலைவியை வளர்த்தவள், வாழ்க்கையின் மேடு பள்ளங்களைக் கண்டு நடுவயதைத் தொட்டவள். அந்தப் பெயரைத்தான் தமிழகம் மருத்துவமனைப் பணியாளருக்குச் சூட்டியிருக்கிறது. இலங்கையில் நாம் ‘தாதி’ என்கிறோம். எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாலும், பிறரைப் பேணுவதற்கு முதிர்ச்சி வேண்டும் என்ற எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கிறது.

ஆனால் இலங்கை அரசின் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவருக்கு, இருபதுகள் முடிவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. இந்தக் கதவு யாரைப் பாதிக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் உள்ள மஹய்யாவயைப் பார்க்க வேண்டும். அதற்குமுன் சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

முப்பத்து மூன்று வயதில் முதல் வேலை

நவீன தாதியத்தின் தாய் என்று போற்றப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820இல் பிறந்தவர். செல்வக் குடும்பம். மகள் மருத்துவமனைக்குப் போவது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று வீட்டார் பல்லாண்டுகள் தடுத்து வைத்தார்கள். இலண்டன் ஹார்லி வீதியில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பாளராக அவர் முதற்பணியை ஏற்றது 1853இல். அப்போது அவருக்கு வயது 33.

1860இல் இலண்டன் புனித தோமா மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, மாணவியருக்கு விரும்பத்தக்க வயது 25 முதல் 35 வரை என்று விதித்தார்கள். மணமாகாதவரும் விதவையரும் விண்ணப்பிக்கலாம். உலகுக்கு முன்மாதிரியாக அமைந்த அந்தப் பள்ளி, பதினெட்டு வயதுப் பெண்ணைத் தேடவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே கிரிமியப் போரில் இன்னொரு பெண்ணும் இருந்தார். ஜமைக்காவைச் சேர்ந்த மேரி சீகோல். 1805இல் பிறந்தவர், தாயிடம் வைத்தியம் கற்றவர், கொலராவையும் மஞ்சள் காய்ச்சலையும் நேரில் எதிர்த்து நின்றவர். இலண்டனுக்கு வந்து போர்முனைத் தாதியாகச் செல்ல அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. தம் தோலின் நிறந்தான் காரணமோ என்று அவர் ஐயுற்றார். ஏறத்தாழ ஐம்பது வயதில், சொந்தச் செலவில் கப்பலேறிப் போய்ப் போர்வீரர்களைப் பராமரித்தார். தகுதி இருந்தும் கதவு திறக்காத கதை அன்றே தொடங்கிவிட்டது.

சாக்கடையைத் துப்புரவு செய்தவர்கள்

ஸ்குட்டாரி மருத்துவமனையில் 1855 பெப்ரவரியில் நோயாளரில் நூற்றுக்கு 42 பேர் வரை இறந்தார்கள். ஜூன் மாதத்தில் அது 2 ஆகக் குறைந்தது. இடையில் நடந்தது என்ன? மார்ச் மாதத்தில் வந்திறங்கிய சுகாதார ஆணைக்குழு, கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைக் கழுவிவிட்டது, குப்பையை அகற்றியது, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. இந்தப் பாடத்தை நைட்டிங்கேல் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அவருடைய எழுத்துகளில் மருந்தைவிடத் தூய காற்றும் தூய நீரும் சரியான வடிகாலுமே அதிகம் பேசப்படுகின்றன.

விளக்கேந்திய மங்கையின் பெயரை உலகம் அறியும். சாக்கடையில் இறங்கியவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. மஹய்யாவ மக்களின் கதையும் இத்தகையதே.

கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. நகரைத் துப்புரவு செய்ய ஆள் வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கொண்டுவந்து அந்த வேலையில் அமர்த்தினார்கள். அவர்களின் லயன் குடியிருப்புகளுள் முதன்மையானது மஹய்யாவ. அருகிலேயே நகரின் மயானம். தலதா மாளிகையின் பெரஹராவுக்கு மறுநாள் காலையில் நகர வீதிகள் பளிச்சென்று இருந்தால், அதற்குப் பின்னால் இவர்களின் துடைப்பம் இருந்தது.

பேராசிரியர் காலிங்க டியூடர் சில்வாவும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு நூல், கண்டியின் சுத்திகரிப்புத் தொழிலாளர் நிலையை விரிவாகப் பதிவு செய்தது. தோட்டத்துத் தமிழர் பற்றிப் பேசுவோர்கூட நகரத்து லயத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

காலத்தைத் திருடிய சட்டம்

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும். 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1988லும் 2003லும் வந்த சட்டங்களுக்குப் பிறகே நாடற்றோர் பிரச்சினை ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

இதை ஒரு பெண்ணின் வயதாக மாற்றிக் கணக்கிட்டுப் பாருங்கள். 1960இல் பிறந்த ஒருத்திக்குப் பதினெட்டு வயதில் பிரஜாவுரிமை இல்லை. ஆகவே அரசாங்க உத்தியோகம் இல்லை. 1988இல் உரிமை கிடைத்திருந்தால் அவளுக்கு வயது 28. 2003 வரை காத்திருந்தால் 43. அவள் சோம்பியிருந்து காலம் தாழ்த்தவில்லை. அரசு அவளுடைய இளமையை எடுத்துக்கொண்டு, பின்னர் வயது கடந்துவிட்டது என்று சொன்னது.

சட்டம் ஒன்று என்றால், படிப்பு இன்னொன்று. தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். தமிழ்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகளும் ஆசிரியர்களும் மலையகத்தில் இன்றும் அரிது. முகவரியில் மஹய்யாவ என்று எழுதத் தயங்கிய இளைஞர்கள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால் படம் முழுமையாகும்.

சாதியும் கைகளும்

இந்தியாவிலும் தாதியத்தின் வரலாறு சாதியின் வரலாறுதான். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இலேயே பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கினார். இருந்தும் 1946இல் போர் குழு கணக்கெடுத்தபோது பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 தாதியரே இருந்தார்கள். மலத்தையும் இரத்தத்தையும் சீழையும் தொடும் வேலை தீட்டு என்று உயர்சாதிக் குடும்பங்கள் ஒதுங்கிக்கொண்டன. கிறிஸ்தவப் பெண்களே அந்தப் பாரத்தைப் பெரும்பாலும் சுமந்தார்கள்.

அந்தச் சுவரில் ஓட்டை போட்டவர்களுள் ஒருவர் ரமாபாய் ரானடே. 1901இல் கணவரை இழந்தவர். 1909இல் புனே சேவா சதனைத் தொடங்கி, மூலையில் முடக்கப்பட்ட விதவையரைச் சசூன் மருத்துவமனைக்குத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பினார். வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் தீர்ப்பெழுதிய பெண்களுக்கு அங்கே இரண்டாம் வாழ்க்கை கிடைத்தது.

பிறர் தொட அஞ்சுவதைத் தொடும் துணிவுதான் தாதியத்தின் முதற்பாடம் என்றால், மஹய்யாவ மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்கள். ஆயினும் வைத்தியசாலைக்குள் அவர்களுக்கு எளிதில் கிடைத்தது சிற்றூழியர் வேலையே. கட்டிலின் அடியைக் கழுவலாம். கட்டிலில் கிடப்பவரின் நாடியைப் பார்ப்பதற்குத்தான் வழியில்லை.

இனி என்ன?

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்களைப் பாருங்கள். பிரித்தானியாவில் தாதியப் பட்டப்படிப்புக்கு உச்ச வயதெல்லை கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நாற்பது வயதில் சீருடை அணிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அகதியாய் வந்து, முதியோர் இல்லத்தில் உதவியாளராய்த் தொடங்கி, பதிவுபெற்ற தாதியாய் உயர்ந்தவர்களும் உண்டு. துயரம் கண்ட மனிதர் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும்போது, சொல்லாமலே சில ஆறுதல்கள் போய்ச் சேர்கின்றன.

இலங்கையிலும் வழிகள் முற்றாக அடைபடவில்லை. திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய தாதியப் பட்டப்படிப்பு, பணியில் இருப்போர் நடுவயதிலும் மேலே படிக்க வழி செய்தது. பராமரிப்பாளருக்கான தேசிய தொழிற்றகைமைப் பயிற்சிகளும் உண்டு. ஆனால் பராமரிப்பாளரிலிருந்து தாதியாக ஏறுவதற்குப் படிக்கட்டு இல்லை.

அந்தப் படிக்கட்டைக் கட்டுவது சலுகையாகாது, கடனைத் தீர்ப்பதாகும். அதில் நாட்டுக்கும் இலாபம் உண்டு. தமிழ் 1987இல் அரசியலமைப்பில் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் கண்டி வைத்தியசாலையில், தன் வலியைத் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த தோட்டத்துக் கிழவிக்கு அந்தச் சட்டத்தால் பயனில்லை. “எங்கே வலிக்கிறது, ஆத்தா?” என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கூப்பிடு தூரத்தில், மஹய்யாவயில் இருக்கிறாள். அவளுக்கு வயது நாற்பதாகிவிட்டது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.