ஒப்பாரி வைத்து அனுப்பிய மகள்

கோலம் டோபீன் 2009-இல் வெளியிட்ட ‘புரூக்ளின்’ நாவலில், ஐலிஷ் லேசி என்ற இளம்பெண் அயர்லாந்தின் எனிஸ்கார்த்தி என்னும் சிற்றூரிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலேறுகிறாள். காலம் 1950-களின் தொடக்கம். அக்கா ரோஸ் இறந்த செய்தி வந்ததும் ஊர் திரும்புகிறாள். கிளம்புமுன் டோனி என்ற இத்தாலிய வம்சத்து இளைஞனை ரகசியமாக மணந்திருக்கிறாள். ஊரிலோ ஜிம் ஃபாரல் என்பவன் மெல்ல அவள் மனத்துக்குள் நுழைகிறான். இரண்டு ஆண்களுக்கு நடுவே அல்லாடும் பெண்ணின் கதையாகவே பலரும் இதைப் படிக்கிறார்கள். அயர்லாந்தின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் கேள்வி வேறாகிவிடுகிறது. அவள் யாரோடு வாழ்வாள் என்பது அப்புறம். திரும்பி வந்தவளுக்கு அந்த ஊரில் இடம் இருந்ததா என்பதே முதல் கேள்வி. புலம்பெயர்ந்த ஐரிஷ் பெண் திரும்பாமல் போனதற்குப் பாசக் குறைவு காரணமல்ல. அவள் போனதால்தான் அந்த வீடு நிலைத்தது. அவள் திரும்பினால் குலைந்துவிடும்படியாகவே அது அமைந்திருந்தது.

இந்த ஏற்பாடு பெரும்பஞ்சத்தின் விளைவு. 1841-இல் சுமார் 82 லட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, உருளைக்கிழங்குப் பஞ்சம் முடிந்த 1851-இல் 65 லட்சமாகச் சரிந்தது. பத்து லட்சம் பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் லட்சக்கணக்கானவர்கள் கடல் கடந்தார்கள். அதற்கு முன்பு, பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாக நிலத்தைப் பங்கு பிரிக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அப்படித் துண்டாடிய நிலமே பஞ்சத்தில் ஆளை விழுங்கியது என்ற பாடத்தைக் குடியானவர்கள் மறக்கவில்லை. பின்னர் நிலம் முழுவதும் ஒரு மகனுக்கே போனது. ஒரு மகளுக்கு வரதட்சணை கொடுத்துக் கட்டிவைக்க முடிந்தது. மற்ற பிள்ளைகளுக்கு மிஞ்சியது கப்பல் சீட்டு. போனவர்கள் அனுப்பிய பணத்தில் குத்தகை கட்டப்பட்டது, அடுத்த தங்கைக்குச் சீட்டும் வாங்கப்பட்டது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து ஆண்களே அதிகம் போனபோது, அயர்லாந்திலிருந்து போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். பெரும்பாலும் கல்யாணமாகாத இளம்பெண்கள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் பதிவானதும் கார்க் பகுதியைச் சேர்ந்த ஆனி மூர் என்ற பதின்வயதுப் பெண்தான். போனவர்களில் ஏராளமானோர் அமெரிக்க வீடுகளில் வேலைக்காரிகளானார்கள்.

இந்த ஏற்பாடு ஊருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு சடங்கு சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குறிப்பாக மேற்கு அயர்லாந்தில், மகனோ மகளோ அமெரிக்கா கிளம்பும் முந்தைய இரவில் ‘அமெரிக்கன் வேக்’ நடக்கும். ‘வேக்’ என்பது பிணத்தருகே உறவும் ஊரும் கண்விழித்திருக்கும் இரவு. அதே முறையில், உயிரோடு இருக்கும் பிள்ளையைச் சுற்றி ஊர் கூடியது. குடியும் ஆட்டமும் நடந்தன; விடியும் நேரத்தில் சில இடங்களில் பெண்கள் ஒப்பாரியே வைத்தார்கள். தொலைவின் துயரம் என்று மட்டும் இதைக் கொள்வது போதாது. சாவு வீட்டில் சொத்து கைமாறும், பொறுப்புகள் மாறும், இறந்தவரின் இடத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வார். கிளம்பும் பிள்ளை விஷயத்திலும் அதுதான் நடந்தது.

கடலும் கட்டணமும் அல்லவா திரும்பவிடாமல் செய்தன என்று கேட்கலாம். பாய்மரக் கப்பல் காலத்துக்கு அது பொருந்தும். நீராவிக் கப்பல்கள் வந்தபின் பயணம் ஒரு வாரம், பத்து நாளாகச் சுருங்கியது. அதே கடலைக் கடந்த இத்தாலியர்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிப் பேர் அளவுக்குத் தாய்நாடு திரும்பினார்கள்; ஐரிஷ்காரர்களில் பத்தில் ஒருவர் திரும்பினால் அதிகம். இத்தாலியர்களில் பெரும்பாலோர் ஆண்கள், மனைவியையும் குடும்பத்தையும் ஊரில் விட்டுப் போனவர்கள், ஆகவே ஒப்பீடு சரியல்ல என்று மறுக்கலாம். அந்த மறுப்பு நம் வாதத்தையே வலுப்படுத்துகிறது: அவர்களுக்குத் திரும்பி வர ஒரு வீடு காத்திருந்தது. திரும்பிய ஐரிஷ் பெண்களும் இருந்தார்கள் என்பது உண்மையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் அமெரிக்கச் சேமிப்பையே வரதட்சணையாகக் கொடுத்து நிலமுள்ள விவசாயியை மணந்தார்கள். ஆனால் அவர்கள் தங்கள் இடத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். பிறந்த உரிமையால் பெறவில்லை.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது. குற்றவாளி ஆங்கில ஆட்சியும் நிலப்பிரபுக்களும்தான், சுதந்திரம் வந்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டும் என்பது அது. சுதந்திர அயர்லாந்து பிறந்தது 1922-இல். அதற்கு முன்பே, 1903-இன் நிலச் சட்டத்தையொட்டிக் குத்தகைக்காரர்கள் பெருமளவில் நில உரிமையாளர்களாகிவிட்டார்கள். ஆனாலும் 1951-க்கும் 1961-க்கும் இடையில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர், பெரும்பாலும் பிரிட்டனுக்கு, வெளியேறினார்கள். புதிய அரசு பெண்ணுக்கு என்ன இடம் ஒதுக்கியது என்று பார்த்தால் காரணம் விளங்கும். கல்யாணமானதும் அரசு அலுவலகப் பெண் ஊழியர் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது. 1936-இன் தொழிலாளர் சட்டம், சில தொழில்களில் பெண்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. 1937-இன் அரசமைப்புச் சட்டம் பெண் வீட்டில் ஆற்றும் பணியைப் போற்றியது. அதே சட்டம் விவாகரத்தைத் தடைசெய்தது. அந்தத் தடை 1995-இன் பொதுவாக்கெடுப்பில்தான் விழுந்தது. தேசம் பிள்ளைகளை இழக்கிறதே என்று தலைவர்கள் வருந்திய அதே பதிற்றாண்டுகளில்தான் இந்த விதிகளும் நடைமுறையில் இருந்தன.

கற்பனைக் கதை வரலாற்றுக்குச் சான்றாகுமா என்பது கடைசி மறுப்பு. எண்ணிக்கைகளுக்கு ஆகாது. எண்ணிக்கைகள் சொன்ன ஏற்பாடு ஒரு வீட்டுக்குள் எப்படி இயங்கும் என்பதைக் காண நாவல் உதவும். கிளம்புமுன் ஐலிஷுக்கு ஊரில் கிடைத்தது மிஸ் கெல்லியின் மளிகைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டுமே. திரும்பி வந்ததும் அலுவலக வேலை கிடைக்கிறது; அது செத்துப்போன அக்கா பார்த்த வேலை. அம்மாவின் துணையாக இருக்கும் கடமையும் அக்கா விட்டுச்சென்றதே. ஒரு மகள் செத்தால்தான் இன்னொரு மகள் உள்ளே வர முடியும் என்பதை டோபீன் வசனமாகச் சொல்லவில்லை, கதையமைப்பிலேயே வைத்திருக்கிறார். அமெரிக்கக் கல்யாணம் தனக்குத் தெரியும் என்று மிஸ் கெல்லி குறிப்புக் காட்டியதும் அந்த இடமும் பறிபோகிறது. விவாகரத்தே இல்லாத நாட்டில், கல்யாணமானவளுக்கு ஜிம்மோடு வாழ வழி ஏது? காதலுக்கு முன்பாகவே சட்டமும் ஊர்வாயும் தீர்ப்பை எழுதிவிட்டன.

2024-இல் வந்த தொடர்ச்சியான ‘லாங் ஐலண்ட்’ நாவல் 1976-இல் நடக்கிறது. வேலைத்தடை நீங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. விவாகரத்துத் தடை அப்படியே இருந்தது. வரலாறு திசைமாறிய பதிற்றாண்டும் அதுவே: 1970-களில் அயர்லாந்தைவிட்டுப் போனவர்களைவிட உள்ளே வந்தவர்கள் அதிகம். கணவனின் துரோகத்தால் மனம் கசந்த ஐலிஷ், அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கென்று எனிஸ்கார்த்திக்கு வருகிறாள். கணவன் வீட்டில் கசந்து பிறந்த வீட்டுக்கு வரும் மகளும் விசேஷம் ஒன்றைச் சாக்காகச் சொல்ல வேண்டியிருப்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்பு அக்காவின் சாவு அவளை உள்ளே விட்டது. இம்முறை அம்மாவின் பிறந்தநாள். இரண்டு முறையும் அவள் வந்ததற்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது.