சக்தி நுண்செயலி

சக்தி நுண்செயலி என்பது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைக்கப்பட்ட நுண்செயலிக் குடும்பம் ஆகும். பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான ஆய்வுக் குழு இத்திட்டத்தை 2014 இல் தொடங்கியது. ரிஸ்க்-ஃபைவ் எனும் கட்டற்ற கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்ட இதன் வடிவமைப்பு, பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. எனவே எவரும் இதனை ஆராயலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம்.

கடிகார வேகம்

நுண்செயலியின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் துடிப்பு ஒரு நொடியில் நிகழும் எண்ணிக்கை கடிகார வேகம் எனப்படும். 1 மெகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 10 இலட்சம் துடிப்புகள். 1 கிகாஹெர்ட்ஸ் என்பது 100 கோடி. ஒரு துடிப்பில் முடியும் வேலையின் அளவு நுண்செயலிக்கு நுண்செயலி வேறுபடும். ஆகவே இவ்வெண் மட்டுமே திறனின் அளவுகோல் ஆகாது.

வேகப் போட்டி

1993 இல் வெளிவந்த பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகங்களில் இயங்கியது. 2000 மார்ச் 6 அன்று ஏ.எம்.டி. நிறுவனமும், இரு நாட்களுக்குப் பின் இன்டெல் நிறுவனமும் 1 கிகாஹெர்ட்ஸ் நுண்செயலிகளை அறிவித்தன. 2004 இல் பென்டியம் 4 நுண்செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. இதற்காக, ஒரு கட்டளை கடந்து செல்லும் படிநிலைகள் 20 இலிருந்து 31 ஆக உயர்த்தப்பட்டன. படிகள் சிறியனவானால் துடிப்பை விரைவாக்கலாம். ஆனால் அடுத்த கட்டளை எதுவென்ற கணிப்பு தவறினால் வீணாகும் வேலையும் மிகும்.

மின்நுகர்வு கடிகார வேகத்துடனும் மின்னழுத்தத்தின் இருமடியுடனும் கூடுகிறது. மின்கசிவு காரணமாக மின்னழுத்தத்தை மேலும் குறைப்பது கடினமானபோது, வெப்பம் பெருந்தடையாயிற்று. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. 2005 முதல் மேசைக்கணினிகளிலும் பல்கரு நுண்செயலிகள் வரத் தொடங்கின. 6 கிகாஹெர்ட்ஸை எட்டிய நுண்செயலி 2023 இல்தான் விற்பனைக்கு வந்தது.

சக்தி சில்லுகள்

* ரைஸ்கிரீக் (2018): அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது, லினக்சு இயங்குதளத்தை இயக்கியது.
* ரிமோ (2018): சண்டிகரை அடுத்த மொகாலியின் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது, வேகம் ஏறத்தாழ 70 மெகாஹெர்ட்ஸ்.
* மௌசிக் (2020): பொருட்களின் இணையக் கருவிகளுக்கானது.
* ஐரிஸ் (2025): இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து விண்வெளிப் பயன்பாட்டிற்காக உருவாக்கப்பட்டது.

பயனும் வரம்பும்

ரிமோவின் கடிகார வேகம் 1993 ஆம் ஆண்டுப் பென்டியத்தின் வேகத்தை ஒத்தது. 2000 இல் 1 கிகாஹெர்ட்ஸை எட்டிய சில்லுகளும் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானவையே. எனினும் சக்தியின் நோக்கம் வேறு. கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குக் குறைந்த மின்நுகர்வும், உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைச் சரிபார்க்கும் வாய்ப்பும் வேகத்தைவிட முதன்மையானவை. சக்தியின் எளிய வகையில் படிநிலைகள் 3 மட்டுமே. அதற்கு அடுத்த வகையில் 5.

வடிவமைப்பு உள்நாட்டிலேயே அமைந்தபோதும், 22 நானோமீட்டர் சில்லு வெளிநாட்டு ஆலையிலேயே உருவாயிற்று. இத்திட்டத்தின் முன்னுள்ள பெரிய தடை கடிகார வேகமன்று, சில்லுகளை உருவாக்கும் ஆலையே ஆகும்.