சராசரிக்குள் ஒளிந்திருந்த சண்டை

அணுவுலையைச் சுற்றி நிற்கும் தடித்த காங்கிரீட் கூடத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உள்ளே எரிபொருள் உருகினாலும் கதிரியக்கம் வெளியே போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது தாங்குமா? இதற்குக் கணக்குப் போட்ட கதை கொஞ்சம் கரடுமுரடானது.

முதலில் வழி எளிது. எல்லாம் மோசமாகவே நடக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் கொஞ்சம் வலு சேர்த்துக் கட்டினார்கள். 1975இல் எம்.ஐ.டி. பேராசிரியர் நார்மன் ராஸ்முசென் தலைமையில் வந்த அமெரிக்க அறிக்கை, உண்மையில் என்ன நடக்கும், அதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டது. நல்ல கேள்விதான். ஆனால் அதன் சுருக்கம் 100 உலைகளின் ஆபத்தை விண்கல் விழும் ஆபத்தோடு ஒப்பிட்டது! 1978இல் ஹெரால்ட் லூயிஸ் குழு, முறை சரி, உறுதியின்மையைத்தான் மிகவும் குறைத்துக் காட்டிவிட்டீர்கள் என்றது. 1979 ஜனவரியில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அந்தச் சுருக்கத்தைக் கைவிட்டது.

இரண்டே மாதம். மார்ச் 28, பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட். எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது. பிற்பகலில் ஹைட்ரஜன் எரிந்து, கூடத்துக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு வரை பாய்ந்தது. 60 பவுண்டுக்குக் கட்டிய கூடம் தாங்கியது. பழைய வழியில் சேர்த்த வலு அன்று கைகொடுத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஆணையம் 1990இல் ஐந்து நிலையங்களைப் பற்றி 'நுரெக் 1150' என்ற ஆய்வை வெளியிட்டது. அவற்றில் ஒன்று, திரீ மைல் ஐலண்ட் இருக்கும் அதே சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் உள்ள பீச் பாட்டம். அங்கே கூடத்தின் உள்சுவர் எஃகு. உருகிய எரிபொருள் தரையில் பரவிப்போய் அந்தச் சுவரைத் துளைக்குமா? நிபுணர்களைக் கேட்டார்கள். சிலர் கிட்டத்தட்ட நிச்சயம் துளைக்கும் என்றார்கள். சிலர் கிட்டத்தட்ட நிச்சயம் துளைக்காது என்றார்கள். சராசரி எடுத்தால், பாதிக்குப் பாதி!

நமக்குத் தெரியாததா? ஒரு மாணவர் 100, இன்னொருவர் 0. சராசரி 50. அந்த 50 யாருடைய மதிப்பெண்?

நல்லவேளை, சராசரியோடு நிறுத்தாமல் கருத்துகளின் முழு வீச்சையும் அச்சிட்டார்கள். எங்கே ஆராயவேண்டும் என்பது அதனால் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து வந்த ஆய்வுகள் விடையைத் தரையில் கண்டுபிடித்தன. அங்கே தண்ணீர் தேங்கி நின்றால் சுவர் துளைபடும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. தரை காய்ந்து கிடந்தால் ஆபத்து மிக அதிகம்.