மேடை ஆண்ட குரல்கள் – 7
கொடுமுடியின் ஐந்தரைக் கட்டை

சென்ற வாரம் மிலான் நகரத்து ஜூலியா கிரிசியைப் பார்த்தோம். 1831-இல் பெல்லினியின் ‘நோர்மா’ அரங்கேறியபோது அதில் பாடியவர். பிறகு மரியோ என்ற பாடகரோடு மேடையிலும் வாழ்விலும் இணைந்தவர். அதே போன்ற ஒரு ஜோடி நம் நாடகக் கொட்டகையிலும் இருந்தது. கே.பி.சுந்தராம்பாள், எஸ்.ஜி.கிட்டப்பா.

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு ‘வள்ளி திருமணம்’ பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருவிழாவென்றால் விடிய விடிய அதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. பரண்மேல் நின்று வள்ளி பறவை ஓட்டுவாள். வேடனாக வந்த முருகனோடு தர்க்கம் தொடங்கும். ஸ்திரீபார்ட் ஒரு பாட்டைப் போட்டால் ராஜபார்ட் அதே சுருதியில் பதில் சொல்லியாக வேண்டும். ஆர்மோனியம் இருவருக்கும் ஒன்றுதானே! ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்தவருக்கும் சொல் தெளிவாக விழ வேண்டுமானால், உச்சஸ்தாயியில் தொண்டை நிற்க வேண்டும்.

சுந்தராம்பாளுக்கு நின்றது. 1908-இல் கொடுமுடியில் வறுமையில் பிறந்தவர், சிறுமியாகவே வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து ஆண் வேடம் கட்டினார். ஐந்தரைக் கட்டைச் சாரீரம் என்று இன்றும் பெரியவர்கள் வியப்பார்கள். 1926-இல் இலங்கையில் செங்கோட்டைக் கிட்டப்பாவோடு மேடையேறினார். அவருக்கும் அப்படியொரு குரல். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, இருவரும் பாடினால் ஊரே திரண்டது. 1927-இல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். பிணக்குகளும் பிரிவுகளும் வந்தன. 1933 டிசம்பர் 2-இல் கிட்டப்பா இறந்தார். வயது 27.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அவர் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்று கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. அந்தக் குரல் அதன்பின் 47 ஆண்டுகள் தனியாக நின்றது.

1935-இல் ‘நந்தனார்’ படத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பேசினார்கள். அன்றைக்கு எந்த நடிகருக்கும் கிடைக்காத தொகை! ஏற்றதோ நந்தன் என்ற ஆண் வேடம். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். ஜோடி தேவைப்படாத வேடங்களையே பிறகும் தேர்ந்தெடுத்தார்: 1953-இல் வாசனின் ‘ஔவையார்’, 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள். இடையில், காங்கிரஸ் மேடைகளில் பாடிப் பாடிக் கூட்டம் சேர்த்தவருக்கு 1951-இல் சட்ட மேலவை உறுப்பினர் பதவி வந்தது. திரைக்கலைஞர் ஒருவர் இந்தியாவில் சட்டமன்றப் படியேறியது அதுவே முதல் முறை. 1970-இல் பத்மஸ்ரீ. சம்பாதித்ததில் சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு தியேட்டரும் கட்டினார்.

(தொடரும்)